மரகதத்துக்கு என்ன வலி?

பூங்கோதைக்குத் தமிழ் பேச வரும், கேட்டால் புரியும், யாராவது திட்டினால் இன்னும் நன்றாகவே புரியும். படிக்க மட்டும் வராது. அப்பா கடலூரிலிருந்து தில்லிக்கு வந்து அரசாங்க அச்சகத்தில் சேர்ந்தவர். பெண் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டிக்கொண்டது எல்லாம் தில்லியில்தான். பள்ளிக்கூடத்தில் ஹிந்தி, வீட்டில் தமிழ், வேலையில் ஆங்கிலம் என்று மூன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அவசரத்தில் ஒரு டப்பாவின் மூடி இன்னொன்றுக்குப் போய்விடும். "அந்த பையாகிட்டச் சொல்லி ஜல்தி ஒரு டஜன் வாலைப்பலம் வாங்கிட்டு வாங்க" என்று கணவனைப் பழக்காரரிடம் அனுப்புவாள்.

வாலைப்பலம் என்றுதான் சொல்வாள். ழ, ள, ல மூன்றும் அவள் நாக்கில் ஒரே எழுத்து. தமிழை 'தமில்' என்று சொல்பவளை வைத்துக்கொண்டு தமிழ் நாடகம் போடலாமா என்று சிலர் கேட்டதுண்டு. கேட்டவர்கள் யாரும் தங்கள் வீட்டுப் பெண்களை நடிக்க அனுப்பவில்லை. ஆகவே பூங்கோதை நடித்தாள்.

வேலை ஓர் அமைச்சகத்தின் டெலிபோன் போர்டில். நாள் முழுக்க முகம் தெரியாத மனிதர்களோடு குரலால் மட்டும் பேசுகிற வேலை. "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்" என்று அவள் சொன்னால் காத்திருப்பவருக்குக் கோபம் வராது. அந்தக் குரல்தான் அவளை நாடகத்துக்குக் கொண்டுவந்தது. சரோஜினி நகர் வைகை நாடகக் குழுவில் அவள் போடாத சின்ன வேஷம் இல்லை. நர்ஸ், பக்கத்து வீட்டு அக்கா, கதாநாயகிக்குத் தோழி, காபி கொண்டுவரும் அத்தை. கதாநாயகி அழும்போது பக்கத்தில் நின்று முந்தானையை நீட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவையாவது நாம் அழ, வேறு யாராவது முந்தானை நீட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரிய ஆசை. வெளியே சொன்னதில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் அந்த ஆசை பலித்தது. வழக்கமான கதாநாயகியின் புருஷனுக்கு பம்பாய்க்கு மாற்றல் வந்தது. நாடகத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. குழுவை நடத்திய இராஜமாணிக்கம், "பூங்கோதை, மரகதம் இனிமே நீதாம்மா" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பூங்கோதை வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனாள்.

இராஜமாணிக்கம் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பகலில் செக்‌ஷன் ஆபீசர், மாலையில் நாடகாசிரியர். யமுனைக் கரையில் உட்கார்ந்துகொண்டு குழுவுக்கு வைகை என்று பெயர் வைத்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் நாடக அரங்குகள் இருக்கிற மண்டி ஹவுஸ் பக்கம் நடந்த ஒரு நடிப்புப் பயிற்சி முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து அவரைத் தாங்க முடியவில்லை. அங்கே 'மோட்டிவ்' என்று ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பாத்திரம் ஒரு காரியத்தைச் செய்தால் ஏன் செய்கிறது என்று நடிகனுக்குத் தெரிந்தாக வேண்டுமாம். காபித் தம்ளரோடு மேடைக்கு வந்த ஒரு பையனை வழிமறித்து, "ஒன் மோட்டிவ் என்னடா?" என்று கேட்டார். அவன் தம்ளரைப் பார்த்துவிட்டு, "காபி சார்" என்றான். அதற்கு அரை மணி நேரம் திட்டு வாங்கினான்.

அந்த வருஷத்து நாடகத்தின் பெயர் 'கொத்துச் சாவி'. கதை இதுதான். மரகதத்தின் கணவன், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், குடியிருக்கும் வீட்டைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறான். கடைசிக் காட்சியில் தம்பி வந்து நிற்கிறான். "ஏன் பேசாமல் நிற்கிறாய்? சாவியைக் கொடு" என்கிறான் கணவன். மரகதம் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "எனக்கு வேறு வழி இல்லை" என்று சொல்லி உள்ளே போகிறாள். திரை.

பூங்கோதை வசனம் பாடம் பண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. கணவன் சுப்பையா தமிழில் வாசிப்பார், அவள் ஹிந்தி எழுத்தில் எழுதிக்கொள்வாள். சுப்பையா அம்பாசமுத்திரத்துக்காரர், பொதுப்பணித் துறையில் ஓவர்சீயர். வாய் ஓயாத உற்சாகி. வசனத்தையும் ரயில் பிடிக்கிற அவசரத்தில்தான் வாசிப்பார். அவர் ஊரில் ழ என்பது ள. இராஜமாணிக்கத்தின் ஊரிலும் அப்படித்தான். ஆகவே சுப்பையா, "எனக்கு வேற வளி இல்ல" என்று வாசித்தார். ஹிந்தியில் இருப்பது ஒரே ஒரு ல. பூங்கோதை 'வலி' என்று எழுதிக்கொண்டாள்.

அவளை ஒன்றும் சொல்வதற்கில்லை. தெருவில் நடக்கிற வழி அவளுக்குப் பிறந்ததிலிருந்து ராஸ்தா. வேறு வழி இல்லாவிட்டால் "கியா கரேன்" என்று கையை விரிப்பாள். வலி என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். தலைவலி, பல்வலி, இடுப்புவலி. அந்த வலி.

ஒத்திகை ஞாயிறு மத்தியானங்களில் காலனியின் பராத் கரில் நடக்கும். கல்யாண கோஷ்டிகள் தங்குகிற கூடம் அது. ஒத்திகையின்போது மேலே பழைய சாமந்தி மாலை ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே பூங்கோதை அந்த வசனத்தைச் சொன்னபோது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அவள் 'வலி' என்று சொன்னால் மற்றவர்கள் மனசுக்குள்ளேயே 'வழி' என்று திருத்திக் கேட்டுக்கொண்டார்கள். வருஷக் கணக்காக அவள் தமிழை அப்படித்தான் கேட்டு வந்தார்கள்.

ஆனால் காட்சி எடுபடவில்லை. பூங்கோதை தலையைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். முழங்காலை நீவிக்கொண்டே சொன்னாள். இராஜமாணிக்கம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னம்மா இது, கால நீவுற? மரகதம் ஏன் அந்த வார்த்தயச் சொல்றா? அவ மோட்டிவ் என்ன? அதக் கண்டுபிடி மொதல்ல."

"கஷ்டமா இருக்கு சார். கொஞ்சம் சொல்லுங்கலேன்."

"நான் சொன்னா அது என் மோட்டிவ், ஒன் மோட்டிவ் இல்ல" என்றார். பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்தது போலிருக்கிறது. பிறகு குரலை இறக்கி, "பாரும்மா, நாள் இல்ல. அடுத்த ஞாயித்துக்கிளமையும் சரியா வரலன்னா காமாக்ஷியம்மாவத்தான் போடணும். கோவிச்சுக்காத" என்றார்.

காமாக்ஷி தஞ்சாவூரிலிருந்து வந்து சில மாதங்களே ஆனவள். கணவனுக்கு பாங்க் வேலை. ழகரம் அவள் வாயில் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். மரகதத்தின் வசனம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. ஊசிகள் மட்டும் ஒரு கணம் நின்றன.

மறுநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பூங்கோதை யோசித்தாள். வீடு போய்விட்டது. ஒருத்தி நிற்கிறாள். எனக்கு வேறு வலி இல்லை என்கிறாள். வேறு வலி இல்லை என்றால் ஏதோ ஒரு வலி இருக்கிறது, அது எது? வீடு போனது வலி என்றால் நேரே சொல்லிவிட்டுப் போகலாமே. சுற்றி வளைத்து 'வேறு' என்று ஏன் ஒரு வார்த்தையைப் போட வேண்டும்? இராஜமாணிக்கம் சார் சும்மா எழுதுகிற ஆளா? இதற்குள் என்னவோ வைத்திருக்கிறார் என்று அவர் மேல் அவளுக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது. அன்று போர்டில் ஜாயிண்ட் செக்ரெட்டரி கேட்ட நம்பருக்குப் பதிலாகக் கான்டீனைக் கொடுத்தாள். அவர் இரண்டு சமோசாவுக்குச் சொல்லிவிட்டு வைத்தாராம்.

வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறையில் சர்க்கரை டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தாள். லக்ஷ்மிபாய் நகர் வீட்டுச் சமையலறை. விசாலமானது, ஜன்னலைத் திறந்தால் தோட்டம். இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் சரோஜினி நகரில் இரண்டாம் மாடியில் இருந்தார்கள். தண்ணீர் ஏறாத குழாய், கோடையில் கொதிக்கிற கூரை. ஆனால் எதிர்க் கதவு சோப்ரா வீட்டம்மாவினுடையது. இரண்டு கதவுகளும் காலையில் திறந்தால் படுக்கப் போகும்போதுதான் மூடும். குளிர்காலத்தில் மொட்டை மாடி வெயிலில் இரண்டு பேரும் பட்டாணி உரித்துக்கொண்டு உலகத்தையே ஒரு கை பார்ப்பார்கள்.

ஒரு நாள் சுப்பையா லட்டுப் பெட்டியோடு வந்தார். "ஏளா, வாயத் தொற! குவாட்டர்ஸ் மாத்தியாச்சு! கீள் வீடு, தோட்டம்! அந்த வீட்டுக்காரனும் நானும் கையெளுத்துப் போட்டாச்சு!" என்று லட்டை அவள் வாயில் திணித்தார். ஒரு மாதமாக அலைந்து, யார் யாரையோ பிடித்து, அவளுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் வைத்திருந்தாராம். வாயில் லட்டு இருந்ததால் பூங்கோதையால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. நல்ல வீட்டைக் கொடுத்த கணவனிடம் என்னவென்று சொல்வது? எல்லாரும் அதிர்ஷ்டக்காரி என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள். சாமான்களைக் கட்டினாள், வந்தாள், ரோஜா வைத்தாள். ரோஜா நன்றாகவே பூத்தது.

சர்க்கரைக் கரண்டி கையிலேயே நின்றது. லட்டு நன்றாகத்தான் இருந்தது, வீடும் நன்றாகத்தான் இருக்கிறது, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்தாள். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனாலும் கேட்டிருக்கலாம். அவ்வளவுதான். வேறு வலி இல்லை.

"அரே!" என்றாள் உரக்க. மரகதத்துக்கு என்ன வலி என்று தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பராத் கரில் எல்லாரும் கூடினார்கள். சுப்பையா வழக்கம்போல ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பின் பெஞ்சில் காகிதப் பொட்டலத்தோடு உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். மரகதத்தின் கணவனாக நடித்தவர் தட்சிணாமூர்த்தி. தணிக்கை அலுவலகம். ஒட்டுமீசையைப் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒத்திகைக்கும் அதை ஒட்டிக்கொண்டு வருவார்.

"ஏன் பேசாமல் நிற்கிறாய்? சாவியைக் கொடு" என்றார் தட்சிணாமூர்த்தி.

பூங்கோதை சாவிக் கொத்தை எடுத்தாள். அழவில்லை. மேஜையில் சத்தம் வராமல் வைத்தாள். கணவனாக நின்றவரின் முகத்தை நேராகப் பார்த்தாள், லேசாகப் புன்னகைத்தாள். "எனக்கு வேற வலி இல்ல" என்றாள், போர்டில் ஒருவரைக் காத்திருக்கச் சொல்கிற அதே குரலில்.

தட்சிணாமூர்த்தி தன் வசனம் முடிந்துவிட்டதை மறந்து, ஏதோ பதில் சொல்ல வேண்டியவர் போல வாயைத் திறந்து மூடினார்.

"நிறுத்து, நிறுத்து!" என்று ஓடி வந்தார் இராஜமாணிக்கம். "என்னம்மா சிரிக்கிற? வேற வளி இல்லாத பொம்பள எப்பிடிம்மா சிரிப்பா?"

"வேற வலி இல்லன்னா சிரிக்கத்தானே சார் செய்வா?"

"வளி இல்லன்னா அளுவாம்மா!"

"வலி இருந்தாத்தானே சார் அலுவா?"

"அட ஆண்டவனே! வளி இல்லம்மா அவளுக்கு! ஒரு வளியும் இல்ல!"

"ஒரு வலி இருக்கு சார். வேற வலிதான் இல்ல. நீங்கதானே எலுதினீங்க?"

இராஜமாணிக்கம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். காமாக்ஷி ஸ்வெட்டரை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "பூங்கோதை, அந்தக் காகிதத்தை இப்படிக் கொடுங்கோ" என்று வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஹிந்தி படித்தவள். எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"இதுல வலின்னு எழுதிண்டிருக்கேளே. சார் சொல்றது வழி. வ-ழி. ராஸ்தா."

முதலில் சிரித்தது தட்சிணாமூர்த்தி. அந்தச் சிரிப்பில் மீசை ஒரு பக்கம் கழன்றது. அதைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க, கூடமே குலுங்கியது. காபிக்காரப் பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பூங்கோதையும் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. ஒரு வாரம் முழுக்கச் சுமந்தது இல்லாத ஒரு வார்த்தையை. வேஷம் போனது போனதுதான் என்று தெரிந்தது.

இராஜமாணிக்கம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். "சரி சரி, சிரிச்சது போதும்" என்று மற்றவர்களை அடக்கினார். "ஏம்மா, அப்பிடி என்ன வலியத்தான் ஒரு வாரமா நெனச்ச? சொல்லு, கேப்போம்."

பூங்கோதை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வீடு போனது அவலுக்கு வலி இல்ல சார். கேட்டிருந்தா அவலே குடுத்திருப்பா. புருஷன் நல்ல மனுஷன்தான், கெட்டது நினைக்கல. எல்லாம் முடிச்சிட்டு வந்து சொன்னார் பாருங்க, முன்னாடி ஒரு வார்த்தை கேக்கல. இத்தனை வருஷம் கூட இருக்கா, அவகிட்டக் கேக்கணும்னு தோணவே இல்லல்ல. அதான் சார். வேற வலி இல்ல."

பின் பெஞ்சில் வேர்க்கடலை உடைகிற சத்தம் நின்றது.

அது நின்ற பிறகுதான் சுப்பையா அங்கே இருக்கிறார் என்பதே பூங்கோதைக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இராஜமாணிக்கம் சாமந்தி மாலையை அண்ணாந்து பார்த்தார். "ஊரெல்லாம் மோட்டிவ் மோட்டிவ்னு கேட்டேன்" என்றார். "மரகதத்துக்கு நான் ஒண்ணுமே வெக்கலம்மா. முன் வரிசப் பொம்பளைக எல்லாம் கைக்குட்டய எடுக்கணும்னு எளுதுன வரி அது. நானும் அவளக் கேக்கல பாத்தியா." பிறகு உடனே விறைத்துக்கொண்டார். "ஆனா எளுதுனது வளி. என் நாடகத்துல வார்த்தய மாத்த விடமாட்டேன்."

"எதுக்கு மாத்தணும்?" என்றாள் காமாக்ஷி, ஊசியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டே. "இவா வாயில ரெண்டும் ஒண்ணுதானே. வழி கேக்கறவாளுக்கு வழி, வலி கேக்கறவாளுக்கு வலி. ஆனா நீங்க என்னைப் போட்டேள்னா சுத்தமா வழின்னுதான் வரும். அது வேண்டாம்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பூங்கோதைக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஊசி இருந்ததால் விட்டுவிட்டாள். மரகதம் அவளுக்கே என்று முடிவாயிற்று.

வேஷம் நிலைத்தது, வீட்டில்தான் நிம்மதி இல்லை. சுப்பையா அந்த ஞாயிறைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயைத் திறந்தால் குழாயோடும் பேசுகிற மனிதர், காபியைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் தானே கழுவி வைத்தார். கோபம் என்றால் சண்டை போட்டுத் தீர்க்கலாம். இது கோபமாகவும் தெரியவில்லை. ஊரறிய மனுஷரை நோகடித்துவிட்டோமே என்று பூங்கோதை தவித்தாள். சொன்னது மரகதத்தைப் பற்றித்தான் என்று சமாதானம் சொல்ல நினைத்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் கடைசியில் நாடகம். மண்டபம் நிரம்பிவிட்டது, ஸ்வெட்டரும் சால்வையுமாகத் தமிழ்க் குடும்பங்கள். முன் வரிசையில் சுப்பையா, அவருக்குப் பக்கத்தில், தமிழ் ஒரு எழுத்துத் தெரியாவிட்டாலும் வந்தே தீருவேன் என்று வந்திருந்த சோப்ரா வீட்டம்மா. கடைசிக் காட்சியில் பூங்கோதை சாவியை வைத்தாள், பார்த்தாள், புன்னகைத்தாள், சொன்னாள். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "அப்படிக் கேளு!" என்று சத்தமாகச் சொன்னார்கள். கைதட்டல் எழுந்தது. கைக்குட்டைகளும் வந்தன. இராஜமாணிக்கம் திரைக்குப் பின்னால் தன் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். வேஷம் கலைக்கும்போது கண் துளும்பிய பூங்கோதைக்கு முந்தானையை நீட்டியது காமாக்ஷி.

வெளியே வந்தாள். சுப்பையா ஸ்கூட்டரை உதைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மண்டபத்திலிருந்து வீட்டுக்கு எப்போதும் ஒரே பாதைதான். அவர் ஏறுவார், அவள் ஏறுவாள், வண்டி போகும். இன்றைக்கு அவள் ஏறி உட்கார்ந்தும் வண்டி நகரவில்லை.

"ஏளா," என்றார் சுப்பையா, திரும்பாமலே. "எந்த வளியாப் போவோம்?"

"எந்த வலியா?" என்றாள் பூங்கோதை, திடுக்கிட்டு.

"வலி இல்லட்டி. வளி! ராஸ்தா!" என்று முழுசாகத் திரும்பினார். முகம் குழந்தை மாதிரி சிவந்திருந்தது. "நேரா வீட்டுக்குப் போவமா, இந்தியா கேட் சுத்திப் போவமா? எனக்குத் தெரியாது. நீ சொல்லு."

மூன்று வாரம் பேசாமல் இருந்தவர் இந்த ஒரு கேள்வியைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பூங்கோதைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"சுத்தியே போலாம்," என்றாள். "ஐஸ்கிரீமும் வேணும்."

"இந்தக் குளிர்லயா?" என்று வாய் வரை வந்ததைச் சுப்பையா விழுங்கினார். வண்டியில் பெட்ரோல் இல்லை என்பதையும் சேர்த்து விழுங்கினார். வண்டியைத் திருப்பினார்.

ஐஸ்கிரீம் சாப்பிட்டு வரும்போது சப்தர்ஜங் தாண்டி ஸ்கூட்டர் நின்றுவிட்டது. இறங்கினார்கள். அவர் ஹாண்டிலைப் பிடித்துக்கொள்ள, அவள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள். வழி நெடுகச் சுப்பையா பழையபடி பேசிக்கொண்டே வந்தார். வீடு வருவதற்குள் பூங்கோதைக்குக் கை கழன்றுவிடும் போலிருந்தது. வேறு வலி இல்லை.